செப்பேட்டில் இடமில்லை

புளியங்கரடு பாளையம் லெக்கம நாயக்கருக்கு
மதுரைக் கோட்டையில் ஒரு கொத்தளம்,
குண்டாற்றுக்கு இப்பால் பதினேழு ஊர்,
அரண்மனைச் சபையில் தூணோரம் ஓர் இருக்கை.
இருபத்திரண்டு வருஷத்தில்
இரண்டு தடவை வாய் திறந்தார்.
ஒன்று மடைவரிக்கு.
மற்றது கொட்டாவி.

கணக்கன் நான். எழுத்துக்கு இத்தனை காசு என்று
தட்டான் கறாராகக் கேட்கிறான்.
சுருக்கித்தான் ஆகவேண்டும்.

பட்டத்துக்கு அண்ணன் தம்பி அடித்துக்கொண்ட வருஷம்
பகலில் மூத்தவருக்கு நூறு ஈட்டி அனுப்பினார்,
இருட்டியபின் இளையவருக்கு அறுபது பொதி வரகு.
ஜெயித்தவர் யாரோ,
வெற்றிலைத் தட்டு இவர் பக்கம் நகர்ந்தது.
'ராஜவிசுவாசி' என்று வெட்டச் சொன்னார்.
வெட்டியாயிற்று.

மூத்த தாரத்துக்குப் பிள்ளைகள் ஐந்து,
ஒரே மாசியில் அம்மை வாரிக்கொண்டு போனது.
இளைய தாரம் கழற்றிக் கொடுத்த நகையில்தான்
தெற்குக் கண்மாய்க்குக் கல்மடை.
கண்மாய்க்கு அவர் பேர்.

மிஞ்சினது ஒரு மகள், திம்மக்கா.
பாளையம் தாயாதி வீட்டுப் பையனுக்குப் போனது.
பதினேழு ஊருக்கும் எல்லைக்கல் எங்கே என்று
இவளுக்குத் தெரியும்.
அவனுக்கு மீசை இருந்தது.

நேற்று வந்தாள்.
தகட்டை மடியில் வைத்து முழுக்கப் படித்தாள்.
"எங்கம்மா எங்கே, கணக்கரே?"
இடமில்லை தாயி என்றேன்.
சூரியனும் சந்திரனும் வெட்டியிருந்த மூலையை
நகத்தால் கீறிப் பார்த்தாள்.
செம்பு அசையவில்லை.

நாலெழுத்துக் கூலி என் மடியிலிருந்து போயிற்று.
பிறைக்குக் கீழே, எள்ளளவாய்:
ஓபம்மா.

புதுப் பட்டக்காரர் தடவிப் பார்த்து
நல்ல கனம் என்றார்.
அவருக்கு வாசிக்க வராது.