அரளிக்கு வடிகால்

ஒரு முழக் கொம்பு வெட்டினேன்.
பால் வடிந்தது.
சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான்
பச்சைக்கொடியைத் தொட்டேன்.
காரைக்குடி பாசஞ்சர் கடந்து போனது.

திருத்துறைப்பூண்டி தாண்டி எங்கள் கேட்டில்
இரண்டு கோடை
அது தண்ணீர் கேட்கவில்லை.
அமலோற்பவத்தின் ஆடுகள் மோந்து பார்த்து
மரியாதையாக விலகிக்கொண்டன.
பங்குனி வெயிலில், ஜல்லிப் புழுதிக்குள்
சிவப்பாய்ப் பூத்தது.

ஆவணியில்தான் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது.
ஊரே கரையில் நின்றது.
எனக்கும் தாங்கவில்லை,
குடம் குடமாய் மொண்டு ஊற்றினேன்,
பழைய பாக்கியை அடைப்பதுபோல.

பத்தே நாளில் இலை மஞ்சள்.

இன்று மண்வெட்டியோடு
அதன் காலடியில் வடிகால் வெட்டுகிறேன்.
கடைமடைக்காரன் நான்,
வந்த தண்ணீரைப் போ என்று சொல்ல
வாய் கூசுகிறது.

போன் அடிக்கிறது.
கேட்டை மூட வேண்டும்.