தணிக்கைக் குறிப்பு பதினேழுக்கு விளக்கம்

ஐயா,
ஒரே வீட்டுக்கு நான்கு முறை
பயணப்படி கோரியது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.
மொத்தம் நூற்று அறுபது ரூபாய்.

கட்டணமில்லாப் பேருந்து உண்டே என்றும்
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள்.
காரைக்குடியிலிருந்து அது புதுவயல் கடைவீதியோடு சரி.
அரிசி ஆலை லைன்வீடுகளுக்கு ஷேர் ஆட்டோ,
போக இருபது, வர இருபது.
ரசீது கேட்டால் ஆட்டோக்காரர் சிரிப்பார்.

முதல் முறை,
அப்படி யாரும் இங்கே இல்லை என்றார் சோலையம்மா.
தம்பியின் சட்டை அவர் தலைக்குமேல்
கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது.
நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்தார்.
அவ்வளவுதான் அன்றைய பணி.

அடுத்த முறை நெல் அவிக்கிற நாள்.
ஆவியில் எதிர்வீடு தெரியவில்லை.
அவரோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன்.
மேஸ்திரி பிடித்துக்கொண்ட அரைநாள் கூலியைப் பற்றிப் பேசினோம்,
தம்பியைப் பற்றி இல்லை.
இதற்கு உங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

அப்புறம் ஒருநாள் சன்னல் நாலு விரற்கடை திறந்தது.
இன்னிக்குச் செவ்வாயா, என்றது ஒரு குரல்.
புதன் என்றேன்.
அப்ப சரி.
மூடிக்கொண்டது.
இரண்டு சொல்லுக்கு நாற்பது ரூபாய்,
விலை அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

நான்காம் முறை வெள்ளைக்கண்ணு வெளியே வந்தார்.
என் பையை வாங்கி
மூட்டை எடைபோடுகிறவர்போலத் தூக்கிப் பார்த்து
இதுல ஊசி இருக்கா என்றார்.
டிபன் பாக்ஸ், பதிவேடு, குடை.
உக்காருங்க என்றார்.
பதினோரு வருஷத்தில் அவன் ஒருவரை
உட்காரச் சொன்னது இப்பத்தான் என்று
அக்கா ஆட்டோ வரைக்கும் வந்து சொன்னார்.

பில்லில் கறை என்பது உங்கள் இரண்டாவது ஆட்சேபம்.
உமிச்சாம்பல், ஐயா. தட்டினால் போகாது.

ஐந்தாவது பயணம் என் கணக்கில் வராது.
மூன்றாம் வியாழன் அவரே வந்தார்
ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு,
நடந்து, தலைசீவி, கொடியில் கிடந்த அதே சட்டையில்.
டாக்டர் வேனுக்கு டீசல் பணம் வரவில்லை.
அலமாரிக்குச் சாவி இருந்தது, உள்ளே மாத்திரை இல்லை.
இரண்டாம் தவணை நிதி
சிவகங்கை வரை வந்துவிட்டதாகச் சொன்னார்கள்.
ஒரு மணிவரை பெஞ்சில் இருந்தார்.
எழுந்தபோது கேட்டார்,
அடுத்தது என்னிக்கு?

நூற்று அறுபதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.
அந்தத் தேதியை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

ஆ. செபஸ்தியம்மாள்
சமூகப் பணியாளர்
(ஒப்பந்தம் மார்ச்சோடு முடிந்தது)