ஐயவினா இலக்கம் பதினேழு

ஐயா,
உங்கள் கடிதம் ஒன்பதாந் திகதியிட்டது.
கிடைத்தது இருபத்தாறில்.
குருமண்வெளித் துறையில் பாதை பழுது,
கடிதமும் எங்களைப்போல
வெல்லாவெளி சுற்றித்தான் வந்திருக்கிறது.
மூன்று நாளுக்குள் விளக்கம் கேட்டிருந்தீர்கள்.
அந்த மூன்று நாளும்
உறை பிரிக்க முதலே முடிந்துபோயின.

கற்றல் உபகரணம் என்ற தலைப்பின்கீழ்
கதவொன்று வாங்கியது ஏன்?
மூன்று விலைமனு கோராதது ஏன்?

முதலில் விலைமனு.
வேம்படிவெட்டையில் கடை ஒன்றுதான்.
கனகசூரியம் கடை.
அரிசி, யூரியா, ஆணி, றப்பர் செருப்பு,
பின்சுவரில் சாத்திய மூன்று பிளாஸ்டிக் கதவு,
நீலம் ஒன்று, மண்ணிறம் இரண்டு.
"மூணு கடுதாசியும் நானே தாறன் டீச்சர்.
ஒண்டு என்ர பேரில, ஒண்டு மனிசிர பேரில,
மத்தது செங்கலடி மச்சான்ர பேரில.
எல்லாரும் இப்பிடித்தான்கா செய்யிற."
செய்திருந்தால்
மூன்று கையெழுத்தும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்,
கோவை நிறைந்திருக்கும்,
உங்கள் கடிதமும் வந்திராது.
அதை நினைத்து ஓர் இரவு தூங்கவில்லை.
மறுகா தூங்கிவிட்டேன்.

இனிக் கதவு.
மலசலகூடம் ஒரு நிறுவனம் கட்டித் தந்தது.
திறந்துவைத்தவரின் பெயர்க் கல் இன்னும் பளபளப்பு.
பழைய பலகைக் கதவை வெள்ளம் ஊறவைத்தது,
யானை வந்து உரசிப் பிரித்தது.
கோட்டத்துக்கு எழுதினேன்.
கோட்டம் வலயத்துக்கு அனுப்ப
வலயம் மாகாணத்துக்கு அனுப்ப
திருகோணமலையிலிருந்து ஒரு வரி:
அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் சேர்க்கவும்.
சேர்த்தேன்.
ஒதுக்கீடு கார்த்திகை கடைசியில் வந்தது, மழையோடு.
ஒப்பந்தக்காரர் வண்டி சேற்றில் நிற்க
மார்கழி முப்பத்தொன்று வந்துவிட்டது.
காசு கிறுகிப் போனது,
எங்கள் கதவு நிலையை ஒருதரமும் பார்க்காமல்.

எட்டாம் ஆண்டில் பதினொரு பெண்பிள்ளைகள்.
வரவு இடாப்பு இணைத்திருக்கிறேன், அதில் பிழையில்லை.
காலையில் பதினொருவரும் வந்தார்கள்.
இடைவேளைக்குப் பிறகு எண்ண
திணைக்களம் இடாப்பு தரவில்லை,
நான் வெண்கட்டிப் பெட்டியின் உள்மூடியில் எழுதிவந்தேன்.
ஏழு. ஏழு. ஐந்து. ஒருநாள் நாலு.
யதுர்சிகா தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருவதில்லை.
ஏனென்று கேட்டேன்.
"குடிச்சா போகணும் டீச்சர்."
கரும்பலகையில் அன்று
ஒளித்தொகுப்பு வரைந்துகொண்டிருந்தேன்,
இலைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று.

சுற்றுநிருபத்தை மூன்றுதரம் வாசித்தேன்.
வெண்கட்டி இருக்கிறது, கத்தரிக்கோல், பூகோள உருண்டை,
பசை, நிறத்தாள் இருக்கிறது.
கதவு இல்லை.
எந்தத் தலைப்பில் எழுதவேண்டுமென்று அறிவித்தால்
சிவப்பு மையால் வெட்டித் திருத்துகிறேன்.
சம்பளத்தில் கழிப்பதானால்
பதினொராயிரத்து எழுநூற்றைம்பதையும்
இரண்டு மாதமாகப் பிரித்துத் தாருங்கள்,
இடர்கடன் இன்னும் முடியவில்லை.

பெட்டி மூடியை இணைக்க முடியாது.
அதில் இப்போதும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
கடைசி வரிசை: பத்து, பதினொன்று, பதினொன்று.
பத்து வந்த நாள் ஜனோதிக்கு டெங்கு.

பௌதிகச் சரிபார்ப்புக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள்.
வாருங்கள். பாதை மறுபடி ஓடுகிறது,
மாலை ஆறோடு நின்றுவிடும்.
இருப்புப் பதிவேட்டில் பக்கம் முப்பத்துநாலு, நீல நிறம்.
கொண்டி உள்பக்கம் இருப்பதால்
இடைவேளை நேரத்தில் அதைக் காண இயலாது.
தட்டவும்.
உள்ளிருந்து குரல் வந்தால்
கொஞ்சம் தள்ளி, வேம்படியில் நிற்கவும்.

இப்படிக்கு,
வே. தவமலர்
பதில் அதிபர், நான்காவது வருடமாக.