குப்பி எண் முப்பத்தொன்று

நாய்கள்தாம் முதலில் அறிந்தன.
பிறகு கயிறு கனத்தது.
பிறகு மூத்திர நெடி துளைவழி ஏறி வந்தது.
"எக்கலுஸ்ஸுவாக்" என்றாள் நுகாக்கா,
வாசலில் நிற்கும் கடன்காரன் பெயரைச் சொல்வதுபோல்.

ஊமன்னாக் வளைகுடா. மார்ச்.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
ஹாலிபட்டுக்குப் போட்ட தூண்டில் கயிற்றைத்
தன்மேல் நூற்கண்டாய்ச் சுற்றிக்கொண்டு
நானூறு பாக ஆழத்திலிருந்து
செத்தே வந்தது சுறா.
துளை போதவில்லை.
கிவியோக் ரம்பம் எடுத்து
கடலின் கூரையை இன்னும் கொஞ்சம் அறுத்தான்.

தலையைப் புரட்டினோம்.
இடக்கண்ணில் தொங்கியது
விரல்நீள வெளுப்பு,
வெந்த சேமியாவைத் திரித்துவிட்டாற்போல்.
விழிப்படலத்தில் வேர் இறக்கி
அங்கேயே குடியிருந்த பெண் ஒட்டுண்ணி.
பின்னால் இரண்டு முட்டைச்சரம்,
பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் இரட்டைப் பின்னல்.
வலக்கண்ணில் ஆளில்லை.
காலி செய்த வீட்டின் ஆணித்தழும்பு,
சுண்ணாம்பு தெறித்தாற்போல் ஒரு மங்கல்.

எண்ணுவது என் வேலை.
செவுளில் எத்தனை, துடுப்பு இடுக்கில் எத்தனை.
தோலெங்கும் உப்புத்தாள்;
கால் பாவ இடம் கொடுக்காது.
மெத்தென்று இருப்பது கண்தான்.
"கண்ணுக்குள் வைத்துக் காப்பேன்" என்று
யாராவது இனி என்னிடம் சொன்னால்
சற்றுத் தள்ளி உட்காருவேன்.

ஆனால் அது வந்த வழி?
முட்டை உடைத்த தூசியளவு உயிர்,
வயிற்றில் சில நாள் கட்டுச்சோறு,
சுற்றிலும் கும்மிருட்டு.
அந்த இருட்டில் எங்கோ
நடக்கிற வேகத்துக்கும் குறைவாய்
ஒரு சுறா போய்க்கொண்டிருக்கும்.
அதன் உடம்பில் இரண்டே இரண்டு கதவு.
தட்டத் தவறினால் தவறியதுதான்.

சுறாவுக்கும் பெரிய வழக்கில்லை.
மூக்கால் உலகைப் பார்க்கும் பிராணி,
கண்ணைக் கேட்டால் கொடுத்துவிட்டுப் போகிறது.
ஒட்டுண்ணி மினுங்கி மீனை அழைக்கிறது,
அதுதான் வாடகை என்பார்கள் சிலர்.
நான் பார்த்ததில்லை.
அன்று மினுங்கியது என் நெற்றிவிளக்கு.

நூக்கிலிருந்து கண்வில்லை கேட்டிருந்தார்கள்.
வெங்காயம்போல் அடுக்கடுக்கு;
நடு மணி மட்டும்
தாய் வயிற்றிலேயே முடிந்துவிட்ட வேலை,
அதைப் படித்தால் வயது தெரியும்.
நூற்றைம்பது இருக்கலாம்,
கூடக் குறைய முப்பது.
இவள் விளிம்பை வருஷக்கணக்கில் கொறித்தாள்.
நான் ஒரே கீறலில் நடுவுக்குப் போனேன்.
ஒரு கண்,
இரண்டு பேர் பிழைப்பு.

அருகும் உயிர்களின் பட்டியலில்
சுறாவின் பெயர் இருக்கிறது.
கூடவே போகப்போகிறவளுக்கு
வரி கிடையாது.

ஆல்கஹால் பெட்டி சறுக்குவண்டியில் தங்கிவிட்டது.
கடல்நீர்க் குப்பியில் அவளைப் போட்டு
நுகாக்கா வீட்டுக் குளிர்ந்த நடைவழியில் வைத்தேன்.
காலையில் ஒரு சரம் தொளதொளவென்று கிடந்தது.
நீர் முழுக்கப் புள்ளிகள்,
வெட்டி வெட்டி நீந்தின,
கண்ணாடிச் சுவரில் முட்டி
மறுபடி, மறுபடி.

கிவியோக் காபியோடு குனிந்து பார்த்தான்.
"இதுகளுக்கு இப்போ கண் எங்கே?"
யாரும் பதில் சொல்லவில்லை.
அடுப்பில் நாய்களுக்கென்று சுறாக்கறி
மூன்றாம் தண்ணீரில் கொதித்துக்கொண்டிருந்தது.

அறுபது தூண்டிலும் பாதிக் கயிறும் போன ஆத்திரம்
அவள் முகத்தில் அப்படியே இருந்தது.
என்னைக் கேட்காமல் குப்பியை எடுத்தாள்,
கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.
துளையின் மேலாடையை உளியால் உடைத்து,
மூடியைத் திருகி,
தாயும் பிள்ளைகளுமாய்க் கவிழ்த்தாள்.
பிரார்த்தனை ஏதுமில்லை.
"அந்த நுனியைப் பிடி" என்றாள்,
புதுக் கயிற்றை நீட்டி.

பதிவேட்டில்
குப்பி எண் முப்பத்தொன்று: காலி.
காரணம் என்ற கட்டத்தில்
பென்சில் உறைந்திருந்தது.
வாயால் ஊதிச் சூடாக்கி எழுதினேன்:
கசிவு.