வெள்ளாட்டுக் குட்டி, ஒன்று

வாலிநோக்கத்துக்கு மேற்கே
கைவிட்ட அளத்தின் வரப்பில் வளை.
எண்பது மீட்டர் தள்ளி
வேலிக்கருவை மூட்டுக்குள் நான்.
என் மேல் பச்சை வலை,
வலை மேல் காய்ந்த கிளை,
கிளை மேல் எறும்பு.
ஐந்தாம் நாள் எறும்புகள் என்னையும்
மரத்தோடு சேர்த்துக்கொண்டன.

பங்குனிக் கடைசி.
எட்டு மணிக்கெல்லாம் உப்பு கண்ணைக் கொத்தும்.
லென்சுக்குள் கானல் ஏறி
எல்லா நரியும்
தண்ணீரில் வரைந்த நரியாகிவிடும்.
எனக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம்.

முதலில் ஒரு மூக்கு வரும்.
பிறகு நெடுநேரம் ஒன்றும் வராது.
பிறகு சாக்கு அவிழ்ந்து பனங்காய் உருள்வதுபோல
ஐந்து குட்டிகளும்.

தாய், தகப்பன்,
இன்னும் வீட்டை விட்டுப் போகாத
போன வருசத்து மகள் ஒருத்தி.
கரைவலைக்காரர்கள் உதறிப்போட்ட சூடையைத் தின்று
மூன்று கிலோமீட்டர் வயிற்றில் சுமந்து வருவாள்.
குட்டிகள் வாயோரம் நக்க நக்க
கக்குவாள்.
பாதி செரித்த மீன்,
விடியற்குளிரில் ஆவி பறக்கும்.

நான் எடுத்ததிலேயே நல்ல காட்சி அது.
மும்பையிலிருந்து போன்:
'வாந்தியை வெட்டிடு.
சனங்க சாப்பிடுற நேரத்து நிகழ்ச்சி.
வேட்டை ஏதும் இல்லையா?'

பதினோராம் நாள்
தகப்பன் கவ்வி வந்தது மீனில்லை.
கழுத்தில் சிவப்புக் கயிறு,
கயிற்றில் கோத்த சிப்பி.
என் ஃபோகஸ் நழுவவில்லை.
அதையும் சொல்லியாக வேண்டும்.

சாயங்காலம் வேனை மறித்து நின்றாள் இருளாயி.
'படம் பிடிக்கிற பிள்ளை நீதானே.
என் குட்டியக் காணோம்.
உன் பொட்டிக்குள்ள இருக்கா?'
சீனி நைனா மெதுவாகச் சாவியைத் திருப்பினார்.
நான் அணைக்கச் சொன்னேன்.

வேனுக்குள் மடிக்கணினி.
மூன்று முறை பார்த்தாள்.
முதல் முறை கயிற்றை.
இரண்டாம் முறை, கயிற்றைத் தவிர மற்றதை.
மூன்றாம் முறை திரையில் விரல் வைத்து எண்ணினாள்:
ஒண்ணு, ரெண்டு, மூணு...
'அஞ்சா' என்றாள்.
கொஞ்சம் கழித்து, 'நாலாயிரம்.'

கொடுத்தேன்.
கணக்குப் பிரிவிலிருந்து கேட்டார்கள்,
வெள்ளாட்டுக் குட்டி ஒன்று,
இதை எந்தத் தலைப்பில் எழுத?
போக்குவரத்தா, வாடகையா, இதரமா?
'உணவு' என்றேன்.
பொய்யில்லை.

பதினான்காம் நாள் வளை காலி.
வாசலில் ஒரு நண்டு
வீட்டுக்காரன் மாதிரி நின்றது.
ஈர வரப்பில்
குட்டிகளைத் தூக்கிப்போன கால்தடங்கள்.
அவற்றின் மேல்
செருப்புத் தடம் இரண்டு, என்னுடையதில்லை,
என் தடத்தைப் பிடித்து வந்தது.

சாயல்குடி பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன்
நைனாவுக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டானாம்:
'எந்த அளம் பாய்?
கொம்பு ஒண்ணு இருந்தா
சவூதிக்குப் போறவன் என்ன விலையும் கொடுப்பான்.'
நைனா டீயைக் குடித்துவிட்டு
வேறு அளத்தைச் சொன்னாராம்.
அவர் சொல்லித்தான் தெரியும். நம்புகிறேன்.

அன்று முழுக்க இருளாயியைப் பார்த்தேன்.
வடக்கே விட்டாள், கிழக்கே விட்டாள்,
பொட்டலின் ஒரு மூலைக்கு மட்டும்
ஆடுகள் திரும்பும் முன்னே கல்லெறிந்தாள்.
போய்க் கேட்டேன்.
'அங்கேயா?'

'நரி வலம் போனா என்ன, இடம் போனா என்ன'
என்றவள்
மிச்சத்தைச் சொல்லவில்லை.
துரட்டியைத் தோள் மாற்றிக்கொண்டாள்.
'நீ வந்தா தடம் வரும்.
தடத்துல எவனெவனோ வருவான்.
எனக்கு இன்னும் ஏழு குட்டி இருக்கு,
நான் பாத்துக்கிறேன்.'

எதைப் பார்த்துக்கொள்வாள்
என்று கேட்கவில்லை.

அனுமதி இன்னும் ஆறு நாள் இருந்தது.
இரவில் ஊளை எழுந்தது,
பெரியது ஒன்று,
பின்னாலேயே
உடைந்த குரல்கள், சின்னவை, எண்ண முடியாதவை.
மைக்கைக் கொஞ்சம் திருப்பினால்
திசை தெரிந்துவிடும்.

'நைனா, பாட்டுப் போடுங்க.'
'என்ன பாட்டும்மா?'
'சத்தமா எது இருக்கோ அது.'