பதம்

நண்டு ஆலையின் உறைகூடத்தில் பதினோரு பருவம்.
கடைசிப் பருவத்தில் என் விரல் நுனிகள் ஏழு
சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போயின.
மிச்சம் மூன்றும் சூடு, குளிர் மட்டும் சொல்லும்,
அதையும் தாமதமாக.
மருத்துவர் தாளில் கையெழுத்திட்டார்.
ஓரியானா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள்.
நான் வீட்டில், நேயேனுடன்.
அவளுக்கு இன்னும் மூன்று வயது முடியவில்லை.

ஜூன் மாதம். புந்தா அரேனாஸில் காற்று
பெரியவர்களையே விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொள்ள வைக்கும்.
ஐந்து மணிக்குள் இருட்டு.
உள்ளே இரண்டு அறை, ஒரு கணப்பு, ஒரு குழந்தை.
நான்காவது நாள்
அவள் சுவரை நக்கிப் பார்த்தாள்.

எதிர்வீட்டு டானிகாவுக்கு இரட்டைப் பையன்கள்,
அவள் வீட்டுச் சுவர்களும் ருசி பார்க்கப்பட்டவையே.
"தட்டில் எதையாவது கொட்டு" என்றாள்,
"கையை விடட்டும். நீ வாயை மூடிக்கொண்டிரு."

முதல் தட்டு, பயறு.
அளைந்தாள், வாரினாள், இறைத்தாள்,
ஒன்றைக் காதில் போட்டுக்கொண்டாள்.
அதை எடுக்க ஒரு மணி நேரம், நிறைய அழுகை
(யாருடையது என்று கேட்க வேண்டாம்).
அதன்பின் காதில் நுழையாதவை மட்டும்:
பஞ்சு, கரண்டி, பாத்திரம் தேய்க்கும் நார்,
வேகவைத்துக் கழுவிய நண்டு ஓடு.

பனிக்கட்டி செய்ய மட்டும் யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.
ரொட்டித் தகரத்தில் நீர் ஊற்றி
ஒரு சாவியையும் மரக்கரண்டியையும் உறையவைத்தேன்.
அவள் உப்பைத் தூவினாள். 'டிக்' என்று ஒரு விரிசல்.
"பேசுது!" என்றாள்.
பதினோரு பருவத்தில் அது என்னிடம் பேசியதில்லை,
அல்லது அங்கே இயந்திரச் சத்தம் அதிகம்.

பிறகு மாவு.
இரண்டு கோப்பை மாவு, ஒரு கோப்பை உப்பு,
எண்ணெய், பீட்ரூட் வேகவைத்த தண்ணீர்.
அளவெல்லாம் சரி. பதம்தான் தெரியவில்லை.
பதம் விரலில் அல்லவா இருக்கிறது.
"எப்படி இருக்கு?" என்று அவளைக் கேட்டேன்.
"பிசுபிசு."
மாவு சேர்த்தேன்.
"மண்ணு."
நீர் தெளித்தேன்.
கண்ணை மூடி வெகுநேரம் பிசைந்தாள்.
"இப்ப வாய்க்குள்ள மாதிரி" என்றாள்.
என் நாக்கால் கன்னத்தின் உட்புறம் தடவிப் பார்த்தேன்.
ஆம். அதுதான் பதம்.

இப்படியே மூன்று வாரம்.
நான் கலக்க, அவள் சொல்ல:
நறநற, வழவழ, கொழகொழ,
ஒரு நாள் ஸ்டார்ச் கரைசலுக்கு
"தூங்குற தவளை."

ஒரு பிற்பகல் திடீரென்று,
"நீ தொடு" என்றாள்.
தொட்டேன்.
"கண்ணை மூடு. எப்படி?"
"மெத்துமெத்து" என்றேன், துணிந்து.
திறந்து பார்த்தால், சாவி.
விரலில் அதன் பல் பதிந்து பள்ளமாகியிருந்தது.

பொய்க்கு அவள் கோபிக்கவில்லை.
ஆலைக்கு வரும் தர ஆய்வாளர் போல
ஒவ்வொரு விரலாகச் சோதித்தாள்,
நண்டு ஓட்டின் முள்ளால், பிறகு பஞ்சால்.
"இது?" தெரியல.
"இது?" தெரியல.
உள்ளங்கையில் கொஞ்சம்.
மணிக்கட்டில், "ஆ!"
அங்கிருந்து மேலே ஏறினாள்: முழங்கை, கழுத்து,
காதின் பின்புறம்.
கடைசியாக ஒரு பிடி பீட்ரூட் மாவை எடுத்து
சவரம் செய்யாத என் கன்னத்தில் அப்பினாள்.

குளிர்ச்சி. உப்பு நெருநெரு. எண்ணெயின் நழுவல்.
அடியில் அவள் ஐந்து விரல்களும் தனித்தனியாக.

"எப்படி?"
எனக்கு உடனே வார்த்தை வரவில்லை.
"கொஞ்சம் மாவு வேணும்" என்றேன்.
"நானும் அதான் நினைச்சேன்" என்றாள் ஆய்வாளர்.

ஆறரைக்கு ஓரியானா வந்தாள்,
தொப்பியில் பனி, சோடாவில் வெடித்த கைகள்.
என் முகத்தின் பாதி சிவப்பாக இருந்ததை
ஒரு நிமிடம் நின்று பார்த்தாள்.
நேயேன் மாவுக் கிண்ணத்தோடு ஓடிப்போய்
அவள் கைகளை வாங்கி, திருப்பி,
வெடிப்புகளை எண்ணுவதுபோல் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"உனக்கு எங்க வைக்கணும்?"