ஆறுதல்

பெட்டி பிரித்து ஒன்பதாம் நாள்.
ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்பது டொலர்,
வரி வேறு.
கண் இமைக்கும் முன் திறக்கும் என்றான் கடைப் பையன்.
நான் இமைத்து, தேநீர் போட்டு,
கோப்பையைக் கழுவிக் கவிழ்த்த பிறகும்
திரையில் ஒரு நீல வட்டம்
தன் வாலைத் தானே துரத்திக்கொண்டிருந்தது.

வினிபெக்கில் வரிக்காலம்.
வெளியே பூச்சியத்துக்குக் கீழ் இருபத்திரண்டு.
சமையலறை மேசைதான் என் அலுவலகம்;
உப்புப் போத்தலை ஓரம் தள்ளினால்
ஆட்கள் வரத் தொடங்குவார்கள்,
நெஞ்சோடு அணைத்த கடித உறைகளோடு.

செய்யாத வைத்தியம் இல்லை.
கேட்காமலே குடிவந்திருந்த வைரஸ் காவலாளியை
வெளியேற்றினேன்;
நிச்சயமா, நிச்சயமா என்று மூன்று தரம் கேட்டுவிட்டுப் போனான்.
விடிய இயந்திரத்தோடு சேர்ந்து எழும்பும்
பதினொரு செயலிகளைப் படுக்கப் போட்டேன்.
அப்டேட் இறங்கி முடிய ஓர் இரவு விழித்தேன்.
மூச்சு முட்டுகிறதோ என்று
இரண்டு மரக்கரண்டிகளை அடியில் கொடுத்து உயர்த்தினேன்.
அணைத்துப் போட்டேன். அணைத்துப் போட்டேன்.
உதவி எண்ணில் நாற்பது நிமிடம் ஒரே புல்லாங்குழல்,
பிறகு ஒரு பெண்:
"அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா?"

டாஸ்க் மேனேஜரில்
நாலு கிகாஹெர்ட்ஸ் ஓடவேண்டிய நெஞ்சு
பூச்சியம் தசம் மூன்று ஒன்பது.
எதைக் கொடுத்தாலும்
பூச்சியம் தசம் மூன்று ஒன்பது.
வாய் திறக்க மறுக்கும் பிள்ளை மாதிரி.

மார்ச் நாலு, பின்னேரம்
அருமைநாயகம் வந்தார். நகர பஸ் ஓட்டுகிறவர்.
சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டுக்
கதிரை நுனியில் இருந்தார்.
மற்ற வருடங்களில் இருபது நிமிட வேலை.
முகவரி அதேதானே?
"அதேதான்."
அழுத்தினேன். சுழன்றது.

"புதுசுதான், இழுக்குது. குறை நினைக்காதேங்கோ."
"ஆறுதலாச் செய்யுங்கோ, தங்கச்சி."

சுழன்றது.
பிரிட்ஜ் உறுமி ஓய்ந்தது.
போர்ட்டேஜ் அவென்யூ திருப்பத்தில்
பனி அள்ளாததைப் பற்றிச் சொன்னார்.
சுழன்றது.
மோதிரம் இல்லாத விரலில்
மோதிரம் இருந்த இடத்தைத்
திருகிக்கொண்டிருந்தார்.
திரையில் போன வருடத்துப் பதில்
தானாக வந்து குந்தியது: மணமானவர்.

"அதை மாத்தவேணும்."

"பிரிந்து வாழ்பவர் என்று போட
தொண்ணூறு நாள் ஆகியிருக்க வேணும், அண்ணை."
என் வாயில் படிவம் பேசியது.
"தொண்ணூற்றாறு" என்றார்.
கலண்டரைப் பார்க்கவில்லை.

அந்த ஒரு சொடுக்குக்கு
இயந்திரம் மூன்று நிமிடம் எடுத்தது.
அதற்குள் அவர்
ரெஜைனாவுக்கு அவ ஏறின பஸ்ஸை,
ரைஸ் குக்கர் இரண்டில் பெரியது யாருக்கு என்று
பேச்சு வந்ததை,
பெரியதையே விட்டுப்போனதை,
ஓராளுக்கு எவ்வளவு அரிசி என்று
இன்னும் கைக்குப் பிடிபடாததைச் சொன்னார்.
திரையைப் பார்த்தபடி சொன்னார்.
திரையைப் பார்த்தபடி கேட்டேன்.
பார்க்க அந்த வட்டமாவது இருந்தது.

அவர் போனபின் மேசை துடைக்கையில்
மூலையில் எறும்பளவு எழுத்து:
மெதுவான சார்ஜர் இணைக்கப்பட்டுள்ளது.
மகளின் போன் சார்ஜர்.
வாய் பொருந்துகிறதே என்று
ஒன்பது நாளாய் அதையே சொருகியிருக்கிறேன்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
இயந்திரத்தோடு வந்த கறுப்புக் கட்டி
அலுமாரியில், ரெஜிபோமுக்கு அடியில்,
பொலித்தீன்கூடப் பிரிக்காமல்.

மாட்டினேன்.
மூன்று தசம் எட்டு.
விசிறி முதல்முறையாக மூச்சு விட்டது;
நான் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அடுத்த நாள் நாலு பேர்.
பதினெட்டு நிமிடம், பதினாறு, பதினாறு.
கடைசிப் பெண் கோட்டைக் கழற்றவும் இல்லை.
மணமானவர், அதே முகவரி,
நன்றி, கதவு, குளிர்.
அவ முகம் எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அருமைநாயகத்துக்கு ஒரு கையெழுத்து மிச்சம்,
சனிக்கிழமை வருவார்.
மகள் தன் சார்ஜரைக் கேட்கிறாள்.
ஞாயிறு தருகிறேன் என்றிருக்கிறேன்.